மூளை நிறுத்தி வைத்த மாதங்கள்

எனக்கு முப்பத்தொரு வயது நடக்கும்போது இடது பாதத்தில் ஓர் எலும்பு கீறல் விட்டது. அந்தக் கீறல் விழாமல் இருந்திருந்தால் என் மகள் பிறந்திருக்க மாட்டாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மைசூரில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பிறந்தது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவருக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை. அவருடைய அம்மா எங்களோடு இருக்கிறார். அவரும் அந்தப் பக்கத்துக் கௌதள்ளிக்காரர். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் எங்கள் ஊர்த் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். எல்லா வீடுகளையும் போலத்தான் எங்கள் வீடும்.

கல்யாணமான இரண்டாம் வருடம் மாதவிலக்கு தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தது. கொஞ்சம் எடையும் கூடியிருந்தது. ஒரு மகப்பேறு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டி மாதிரி தெரிகிறது, பெரிய விஷயமில்லை, எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள், சோறும் சர்க்கரையும் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் அன்றைக்குத் தப்பு எதுவும் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் ராத்திரிச் சோறு நின்றது. பிறகு காலை இட்லி இரண்டிலிருந்து ஒன்றானது. நடப்பதற்குப் பதில் சாமுண்டி மலைப் படி ஏறினேன். வாரத்தில் மூன்று நாள் என்று ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் தினமும் என்றாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருப்பேன். ஆயிரம் படியும் ஏறி, கோயில் வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி, குளித்து, எட்டரைக்கு மையத்தில் இருப்பேன். ஆரம்பத்தில் நந்தி வரைக்கும் ஏறுவதற்குள் நான்கு முறை உட்கார்ந்தவள், கடைசியில் ஓரிடத்திலும் நிற்காமல் ஏறினேன். தெரிந்தவர்கள் பாராட்டினார்கள். புடவை கட்டினால் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் வந்திருந்தது. இதை எழுதும்போது அதையும் சேர்த்து எழுதாவிட்டால் பொய்யாகிவிடும்.

இதற்கு மேல் விரதம். செவ்வாய், வெள்ளி ஒரு வேளை. சஷ்டிக்கு முழுப் பட்டினி. அத்தைதான் சொன்னார், ஆனால் என்னை மட்டும் இருக்கச் சொல்லவில்லை. தானும் என்னோடு இருந்தார். அதனால் அதை யாரும் குறையாக நினைக்க முடியாது.

ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்து நான்குக்கு வந்தேன். மாதவிலக்கு முழுதாக நின்றுபோனது. வரவழைக்க மாத்திரை கொடுத்தார்கள். முதல் இரண்டு முறை வந்தது. அப்புறம் மாத்திரை போட்டாலும் வரவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: நான் போதுமான அளவு முயற்சி செய்யவில்லை. இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். கணவருக்கும் பரிசோதனை செய்தார்கள். அவரிடம் குறை ஒன்றுமில்லை என்று வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அவர் பைக்கை மெதுவாக ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து, அப்படியானால் குறை என்னிடம்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மையத்தில் என் வேலையே ஹார்மோன் மெஷினில்தான். குழந்தைக்காகக் காத்திருக்கும் எத்தனையோ பெண்களின் ரத்தத்தைச் சுழற்றி, தெளிந்த நீரைப் பிரித்து, மெஷினில் வைத்து, வரும் எண்களைப் பதிந்திருக்கிறேன். என்னுடையதையும் அப்படித்தான் வைத்தேன். சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டும் இயல்பான அளவின் கீழ்க்கோட்டை ஒட்டி வந்தன. ஈஸ்ட்ரோஜன் அதைவிடக் கீழே. எங்கள் தொழிலில் எண் ஏறினால்தான் பயப்படுவோம். எஃப்.எஸ்.எச். ஏறிப் போன ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டோம். என்னுடையது ஏறவில்லை. ஆகவே நல்லதுதான் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில் இறங்கும்போது பாதத்தில் சுருக்கென்றது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். நான்கு நாள் அதே காலோடு ஏறினேன். ஐந்தாம் நாள் மையத்தில் நிற்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த எலும்பு டாக்டரிடம் கணவர் அழைத்துப் போனார். வயதில் இளையவர், அதிகம் பேசாதவர். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நடுவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் முடி இழை மாதிரி ஒரு கோட்டைக் காட்டினார். விழுந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த வயதில் விழாமல் எலும்பு கீறல் விடக்கூடாது என்றார். பிறகு தலையைத் தூக்காமல், எழுதிக்கொண்டே, கடைசியாக எப்போது மாதவிலக்கு ஆனது என்று கன்னடத்தில் கேட்டார்.

காலுக்கு வந்தவளிடம் இதை ஏன் கேட்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது என்றேன். அப்போதுதான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எலும்பு அடர்த்தி பார்க்கும் பரிசோதனைக்கும், ஒரு ஹார்மோன் டாக்டருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். காலுக்குக் கட்டு போட்டுவிட்டு, படி ஏறவே கூடாது என்று கணவரிடம் சொன்னார். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹார்மோன் டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். கன்னடத்தில்தான் ஆரம்பித்தார். நானும் கணவரும் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறினார். அது மேல்கோட்டைப் பூர்வீக ஐயங்கார்கள் வீட்டுக்குள் பேசும் தமிழ். எங்கள் தமிழுக்கும் அதற்கும் வெகு தூரம். ஆனாலும் அந்த அறையில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. என் ஃபைலை அவர் உடனே திறக்கவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, "நேத்திக்குக் கார்த்தால எழுந்ததுலேருந்து படுத்துக்கற வரைக்கும் என்னென்ன சாப்ட்டே? ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

ஆறு வருடத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. சொன்னேன். ஒரு இட்லி. பத்தரைக்குச் சர்க்கரை இல்லாத டீ. மத்தியானம் ஒரு சப்பாத்தி, கொஞ்சம் ஊறவைத்த பாசிப்பருப்புக் கோசம்பரி. சாயங்காலம் ஒரு வெள்ளரிக்காய். ராத்திரி மோர். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மலை ஏறுவதையும் விரதங்களையும் அவர்தான் சொன்னார்.

பிறகு டாக்டர் ஃபைலைத் திறந்தார். நானே மெஷினில் வைத்து எடுத்த அந்த எண்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார். சினைப்பை கெட்டுப்போயிருந்தால் மூளை அதைத் தட்டி எழுப்பப் பார்க்கும், எஃப்.எஸ்.எச். ஏறியிருக்கும் என்றார். இங்கே ஈஸ்ட்ரோஜனும் இல்லை, தட்டி எழுப்ப வேண்டிய மூளையும் பேசாமல் இருக்கிறது. அதாவது தடை கீழே இல்லை, மேலே இருக்கிறது. ஸ்கேனில் தெரிந்த சிறு சிறு வட்டங்கள் வளரக் காத்துக்கொண்டிருக்கும் முட்டைகள்தான், நோய் இல்லை என்றார்.

சீட்டின் பின்பக்கத்தில் ஒரு தலை வரைந்தார். மூளையின் அடியில் ஒரு சிறிய இடத்தில் சில நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை கிஸ்பெப்டின் என்ற ஒரு சின்னஞ்சிறு புரதத் துணுக்கைச் சுரக்கின்றன. அது பக்கத்தில் இருக்கும் வேறு செல்களைத் தொட்டால்தான் அவை மணிக்கொரு தரம், ஒன்றரை மணிக்கொரு தரம் என்று விட்டு விட்டுப் பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரி சினைப்பைக்குச் சொல்லும். சினைப்பையில் முட்டை வளரும். பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவதும் இந்தத் துணுக்கு விழித்துக்கொள்வதால்தான். உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது, வருவதைவிடச் செலவாவது அதிகமா, மனசுக்கு நிம்மதி இருக்கிறதா என்ற தகவல் எல்லாம் அந்தச் செல்களுக்குப் போய்க்கொண்டே இருக்குமாம். கணக்கு உதைத்தால் அவை பேச்சை நிறுத்திவிடும். அப்புறம் கீழே வரிசையாக எல்லாமே நிற்கும்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்றும் சொன்னார். கண்டுபிடித்தவர்களுடைய ஊரில் கிஸ், அதாவது முத்தம், என்ற பெயரில் ஒரு சாக்லேட் செய்வார்களாம், அதை வைத்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. எனக்கு உடம்பு கெட்டுப் போய்விட்டதா என்று கேட்டேன்.

"உன் உடம்பு கெட்டுப்போகலே. ரொம்பச் சரியா வேலை பண்றது. இது பஞ்ச காலம்னு நினைச்சுண்டிருக்கு. பஞ்சத்துல ஒரு கொழந்தையைக் கொண்டுவர அதுக்கு மனசு வரலே, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

அந்தக் கிஸ்பெப்டினை ஊசியாகப் போட முடியாதா என்று கேட்டேன். ஆராய்ச்சி நடக்கும் இடங்களில் போட்டுப் பார்க்கிறார்கள், இங்கே கடையில் வாங்கிப் போடும் மருந்தாக இன்னும் வரவில்லை என்றார். உன் தலைக்குள்ளேயே அது இருக்கும்போது வெளியே எதற்குத் தேடுகிறாய் என்றும் சொன்னார். எலும்பு அடர்த்தியும் குறைவு என்று வந்திருந்ததால் சீட்டில் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் வைட்டமின் டி-யும் மட்டும் எழுதினார். மற்றதெல்லாம் பேச்சாகவே சொன்னார். மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பாடு, நடுவில் இரண்டு தரம் ஏதாவது. நெய், கடலை, முட்டை. கால் ஆறின பிறகும் ஆறு மாதம் மலை கிடையாது. விரதம் கிடையாது. நிச்சயம் திரும்புமா என்று கேட்டதற்கு, பெரும்பாலும் திரும்பும், எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது, திரும்பாவிட்டால் ஊசி மருந்துகள் என்று வேறு வழி இருக்கிறது, ஆனால் முதலில் உடம்பு தேறட்டும் என்றார்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் வழியெல்லாம் எனக்குக் கவலை. அவர் மனசு புண்படாமல் கணவர் சொல்லிப் பார்த்தார். சுற்றி வளைத்துச் சொன்னார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். டாக்டர் வரைந்த தலையை வாங்கிப் பார்த்தார். அதில் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. நான் அவர் அழப்போகிறார் என்று பயந்தேன்.

"அப்படின்னா நீ சாப்புடு கண்ணு. வெரதத்த நா பாத்துக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் நேர்ந்துகொண்ட விரதங்களை அவர் தன் பேரில் மாற்றிக்கொண்டார். சாமிக்கு ஆள் மாறினால் கோபம் வராதா என்று நான் கேட்டதற்கு, யார் வயிறு காய்ந்தால் என்ன, சாமிக்குக் கணக்கு வந்து சேர்ந்தால் சரி என்றார். அவருக்கும் அறுபது வயது, அவரையும் பட்டினி போட வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு வேளை என்று சமாதானத்துக்கு வந்தார்.

கால் ஆறி முதல் வாரம், பழக்கத்தில் நாலரைக்கே எழுந்து உடை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போகக்கூடாது என்று தெரியும். போகாமல் இருக்கவும் தெரியவில்லை. கணவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "சும்னே படு. மல எங்கயும் போயிராது" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூங்கிவிட்டார். அந்தக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தால் அவர் விழித்துக்கொள்வார் என்பதால் அப்படியே படுத்திருந்தேன். அந்த மாதம் முழுக்க இப்படித்தான் விடிந்தது.

சாப்பிடுவது சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தட்டில் சோற்றைப் பார்த்தால் பாதியைத் திரும்பப் பானையில் போடத்தான் கை போனது. பட்டினி கிடந்து பழகிய வயிறு கொஞ்சம் போட்டாலே உப்பியது. ரவிக்கைகள் சேரவில்லை. முன்பு பாராட்டிய அதே ஆட்கள், என்ன மேடம் கொஞ்சம் குண்டாயிட்டீங்க என்றார்கள். ஒருநாள் மத்தியானம் டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் அக்கா, ரத்தம் எடுப்பதில் கைதேர்ந்தவர், கன்னடக்காரர், அதைப் பார்த்துவிட்டார். தன் டப்பாவையும் மூடி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், பசி தாங்காதவர். எனக்கு வெட்கமாகி டப்பாவைத் திறந்தேன். அதன்பிறகு நான் முதல் வாய் வைக்காமல் அவர் ஒருநாளும் சாப்பிட ஆரம்பித்ததில்லை.

கணவர் தினமும் சாயங்காலம் வேகவைத்த கடலைக்காய் ஒரு பொட்டலம் வாங்கி வருவார். அதை உரித்துத் தின்றுகொண்டே இரண்டு பேரும் பேசுவோம். ஆறு வருடமாக எங்களுக்குள் நின்றுபோயிருந்த பேச்சு அது. அதற்கு முன் எங்கள் பேச்செல்லாம் தேதி, ரிப்போர்ட், அடுத்த டாக்டர் என்றே இருந்தது. இப்போது ஃபேக்டரியில் யாரோ தூங்கி மாட்டிக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மனசுக்கு நிம்மதி வேண்டும் என்று டாக்டர் சொன்னது இதைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த அக்கா எனக்கு ரத்தம் எடுப்பார், நான் மெஷினில் வைப்பேன். முதல் தடவை மாற்றமில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை திரையில் எல்.எச். எண் மேலே வந்திருந்தது. மெஷினில் பிசகு என்று நினைத்து இன்னொரு தரம் ஓட்டினேன். அதே எண். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈஸ்ட்ரோஜனும் ஏறியிருந்தது. யாருக்கும் கேட்காமல் என் தலைக்குள் அந்தச் செல்கள் மறுபடியும் பேச ஆரம்பித்திருக்கின்றன. எவ்வளவு நாளாகப் பேசுகின்றன, எந்தக் கவளத்துக்குப் பிறகு பேச ஆரம்பித்தன, எதுவும் எனக்குத் தெரியவில்லை. மெஷினுக்கு முன்னால் நின்று, யாரை நோக்கி என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம், வேலை நடுவில், மாதவிலக்கு வந்தது. வீட்டுக்குப் போன் செய்து அத்தையிடம் சொன்னேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்குக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழித்து, நல்லெண்ணெய் மிதக்க விட்டு வைத்திருந்தார்.

"வயசுக்கு வந்த புள்ளைக்குக் குடுக்கறதுதான். தின்னு. இடுப்புக்கு பலம் வரோணுமல்ல" என்றார்.

முப்பத்திரண்டு வயதில் எனக்குச் சடங்கு நடந்த மாதிரி இருந்தது. அவருக்குக் கிஸ்பெப்டினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் டாக்டர் சொன்னபடி பார்த்தால் அவர் செய்தது சரிதான். என் உடம்பு இரண்டாம் தரம் வயதுக்கு வந்திருந்தது. நான் அந்தக் களியை மீதி வைக்காமல் தின்றேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் ஒழுங்காக வந்தது. ஒருமுறை தள்ளிப்போனபோது நான் பழைய பயத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அந்த ட்யூபை நான் தொடவில்லை. அவரே வைத்து, அவரே பார்த்து, அவரே வந்து சொன்னார். என் மகள் மைசூரிலேயே, நல்ல எடையோடு பிறந்தாள். இப்போது இரண்டரை வயது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகிறாள். எனக்குக் குழந்தை பிறந்திருக்காவிட்டாலும் அந்த வருடம் எனக்குக் கிடைத்ததுதான். சோறு கிடைத்தது, எலும்பு தேறியது, கணவரோடு பேச்சு திரும்பியது. குழந்தை கிடைத்துவிட்டதால் இப்படிச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கிறது என்பதும் தெரியும். ஒன்றும் நடக்காமல் காத்துக்கொண்டிருப்பவர்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது மையத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இளம் வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் அந்த மூன்று எண்களும் சேர்ந்து கீழே இருந்தால் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் எங்கள் டாக்டரிடம் போவேன். யோசனை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவருக்கு உண்டு. சரியென்று பட்டால் அடியில் ஒரு வரி சேர்ப்பார்: மூன்றும் குறைவாக இருப்பதால் உணவு, எடை, உடற்பயிற்சி பற்றி விசாரித்து ஹார்மோன் மருத்துவரைக் காண்பது நல்லது.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவள் போலிருக்கிறது, கால் சட்டையில் செம்மண் ஒட்டியிருந்தது. அவளுடைய ரிப்போர்ட்டில் அந்த வரி போயிற்று. கவரில் போட்டுக் கொடுத்ததும் அவள் வெளியே நின்றுகொண்டே பிரித்துப் படிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசி வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் படித்தாள். பிறகு போனை எடுத்து யாரிடமோ பேசிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.